ரிச்சர்ட்சனுக்கு ஒரு நாள் ஒதுக்கினால் எங்கே போவது: பாஸ்டனா, சிகாகோவா, பிட்ஸ்பர்க்கா?

19ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கட்டடக் கலைஞர்களில் ஒரே ஒருவருடைய வேலையைத்தான் நேரில் பார்க்க வாய்ப்பு என்றால், ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சனைப் பாருங்கள் என்று சொல்வேன். இதில் பெரிய தகராறு வராது. எந்தக் கட்டடம் என்று கேட்கும்போதுதான் வரும். அவர் கட்டியவை மாசசூசெட்ஸ் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. போதாததற்கு ஆல்பனி, பஃபலோ, பிட்ஸ்பர்க், சிகாகோ வேறு. நமக்குக் கிடைக்கிற விடுமுறை என்னவோ நாலைந்து நாள், அதிலும் கையில் குழந்தை, கூடவே ஊரிலிருந்து வந்திருக்கிற அம்மா அப்பா, இத்தனையையும் கட்டிக்கொண்டு எல்லா இடத்துக்கும் போக முடியாது. பயண வழிகாட்டிகள் கண்ணை மூடிக்கொண்டு பாஸ்டன் ட்ரினிட்டி சர்ச்சைக் காட்டிவிடும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

ஆளைப் பற்றி முதலில். 1838இல் லூசியானாவில் ஒரு தோட்டப் பண்ணையில் பிறந்தவர். அம்மா வழியில் ஆக்சிஜனைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜோசப் பிரீஸ்ட்லியின் கொள்ளுப்பேரன். வளர்ந்தது நியூ ஆர்லியன்ஸில். ராணுவக் கல்லூரியில் சேர்க்கத்தான் வீட்டில் நினைத்திருந்தார்கள், திக்குவாய் குறுக்கே வந்துவிட்டது. 1859இல் ஹார்வர்டில் பட்டம், அப்புறம் பாரிஸில் எகோல் தே போஸார் என்ற கலைக் கல்லூரி. அங்கே படித்துக்கொண்டிருக்கும்போதே உள்நாட்டுப் போர் மூண்டது, தெற்கிலிருந்து வந்துகொண்டிருந்த வீட்டுப் பணம் நின்றுபோனது, ஒரு கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் வேலை பார்த்துத்தான் காலத்தை ஓட்டினார். 1865இல் நாடு திரும்பியவர் சொந்த ஊருக்குப் போகவில்லை. நியூயார்க்கில் தொழில் தொடங்கினார், 1874இல் பாஸ்டனை ஒட்டிய புரூக்லைனுக்குக் குடிபோனார். நாள்பட்ட சிறுநீரக நோய். 1886 ஏப்ரலில் இறந்தபோது வயது 47. தொழில் செய்தது மொத்தம் இருபது ஆண்டு, அதில் சொந்தக் குரல் என்று ஒன்று அவருக்குக் கிடைத்த பிறகு ஓடியது இன்னும் குறைவு.

அந்தக் குரலுக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்: ரிச்சர்ட்சோனியன் ரோமனெஸ்க். ரோமனெஸ்க் என்பது 11, 12ஆம் நூற்றாண்டுகளில் பிரான்ஸ், ஸ்பெயின் பக்கம் இருந்த பாணி. அரைவட்ட வளைவு, தடித்த சுவர், குள்ளமான தூண்கள், சின்ன ஜன்னல்கள். அவர் தொழிலுக்கு வந்தபோது அமெரிக்காவில் கூர்முனை வளைவு வைத்த கோதிக்கும், பிரெஞ்சுக் கூரை வைத்த மாளிகைகளும் கொடிகட்டிப் பறந்தன. இவர் அவற்றை ஓரங்கட்டிவிட்டு, கல் என்றால் கனம், அந்தக் கனம் கண்ணுக்குத் தெரியட்டும் என்று கட்டினார். அவர் இறந்த பிறகு நாடு முழுக்க இதே மாதிரி கோர்ட்டுகளும் டவுன் ஹால்களும் ரயில் நிலையங்களும் முளைத்தன. அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஏதாவது ஒரு சிறு நகரத்தில் கனத்த வளைவு வாசல் வைத்த பழைய கோர்ட்டைப் பார்த்திருக்கிறீர்கள் என்றால் அது அனேகமாக இவர் கட்டியது இல்லை, இவரைப் பார்த்துக் கட்டியது. இந்த நகல்கள் பலவும் அழுமூஞ்சியாக இருப்பதால்தான் அசலை நேரில் பார்ப்பது முக்கியம் என்கிறேன்.

சரி, எதை வைத்து ஒப்பிடுவது? எனக்கு மூன்று விஷயம். கட்டடத்தில் ரிச்சர்ட்சன் எவ்வளவு இருக்கிறார், மற்றவர்கள் எவ்வளவு. உள்ளே போய் நிதானமாகப் பார்க்க முடியுமா. போய்வருவது எவ்வளவு தொல்லை. அழகு என்ற கணக்கை வேண்டுமென்றே சேர்க்கவில்லை, அதைச் சேர்த்தால் ட்ரினிட்டி எல்லோரையும் முந்திவிடும்.

ட்ரினிட்டி பக்கம் இருக்கிற நியாயத்தை மறைக்க விரும்பவில்லை. 1885இல் 'அமெரிக்கன் ஆர்க்கிடெக்ட்' பத்திரிகை, நாட்டின் தலைசிறந்த பத்துக் கட்டடங்கள் எவை என்று கட்டடக் கலைஞர்களிடமே வாக்கெடுத்தது. முதலிடம் ட்ரினிட்டிக்கு. பத்தில் ஐந்து ரிச்சர்ட்சனுடையவை. ஒரே தொழிலில் இருப்பவர்கள் இன்னொருவருக்கு இப்படி அள்ளிக் கொடுப்பது எந்த ஊரிலும் நடக்காத காரியம்! 1872இல் போட்டி வைத்துத்தான் இவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே நவம்பரில் பாஸ்டனின் பெரும் தீவிபத்தில் பழைய சர்ச் எரிந்துபோக, புதியதைக் கட்டியே ஆக வேண்டிய நிலை வந்தது. 1877 பிப்ரவரியில் திறந்தார்கள்.

கட்டின இடம் பேக் பே. சதுப்பில் மண் கொட்டி உண்டாக்கின நிலம். அதில் இவ்வளவு கல்லை ஏற்றுவதற்காகச் சுமார் 4,500 மரமுளைகளை அடித்து இறக்கினார்கள். நடுக்கோபுரத்தைத் தாங்கும் நான்கு தூண்களுக்கும் அடியில் ஆளுக்கொரு கருங்கல் பிரமிடு இருக்கிறது, மேல்முனை வெட்டின பிரமிடு, அடிப்பாகம் 35 அடிச் சதுரம், உயரம் 17 அடி. எல்லாம் மண்ணுக்குள். மரமுளை நிலத்தடி நீரில் மூழ்கியிருக்கிறவரை மக்காது, நீர்மட்டம் இறங்கினால்தான் வம்பு, அதனால் அந்தப் பகுதியில் நிலத்தடி நீரைக் கண்காணிப்பது இன்றைக்கும் ஒரு வேலையாகவே நடக்கிறது. 1960களின் கடைசியில் பக்கத்து மனையில் 60 மாடி ஜான் ஹான்காக் கோபுரத்துக்குப் பள்ளம் தோண்டினபோது மண் நகர்ந்து சர்ச்சுக்குச் சேதமாகி, வழக்கு நடந்து, சர்ச் ஜெயித்தது. இப்போது அந்தக் கண்ணாடிச் சுவரில்தான் ட்ரினிட்டியின் நிழல் விழுகிறது. எல்லோரும் எடுக்கிற போட்டோ அதுதான்.

உள்ளே போனால் முதலில் தெரிவது நிறம். சுவரெல்லாம் அடர்ந்த சிவப்பு, மேலே பொன்னும் பச்சையும், வாசலுக்கு மேலே ஓவியர் ஜான் லா ஃபார்ஜ் செய்த நீலப்பச்சைக் கண்ணாடி. வெளியில் நல்ல வெயில் அடிக்கிற மத்தியானத்தில் அந்தக் கண்ணாடியைப் பார்த்தால் கொஞ்ச நேரம் பேச்சு வராது. சுவர் ஓவியமும் லா ஃபார்ஜும் அவர் ஆட்களும்தான், திறப்பு விழாவுக்கு முன்னால் வந்த குளிர்காலத்தில் சாரத்தின் மேல் நின்று அவசர அவசரமாக எழுதி முடித்தது. வேறு சில ஜன்னல்கள் இங்கிலாந்தில் ஓவியர் பர்ன் ஜோன்ஸ் வரைந்து வில்லியம் மாரிஸ் பட்டறையில் செய்தவை.

என் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஜனங்கள் ட்ரினிட்டியில் வாய்பிளந்து பார்க்கிற விஷயங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். நிறம் லா ஃபார்ஜுடையது. கோபுரம் ஸ்பெயினில் சலமாங்கா பழைய பேராலயத்தின் கோபுரத்தை ஒட்டியது, அதை வரைந்து உருவாக்கியதில் அப்போது அவரிடம் உதவியாளராக இருந்த ஸ்டான்ஃபோர்ட் வைட்டுக்குப் பெரிய பங்கு. முன்வாசல் மண்டபம் ரிச்சர்ட்சன் இறந்து சில ஆண்டு கழித்து 1890களில் அவருடைய வாரிசு நிறுவனம் சேர்த்தது. இந்தத் திறமைசாலிகளை எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்தவர் ரிச்சர்ட்சன்தான், நான்கு பக்கமும் சமமாக விரிகிற அந்த அகலமான உள்கூடமும் அவருடைய யோசனைதான், மறுக்கவில்லை. ஆனாலும் இதை வரைந்தபோது அவருக்கு 34 வயதுகூட ஆகவில்லை. தடவித் தடவி வழி கண்டுபிடித்துக்கொண்டிருந்த காலம். அவர் பிறகு எதையெல்லாம் தூக்கி எறிந்தாரோ அதெல்லாம் இங்கே அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது: வரிவரியாக இரண்டு நிறக் கல், மூலைக்கு மூலை சின்னக் கோபுரம், நிறையச் சிற்பவேலை.

அதனால் பாஸ்டனை விட்டு நகரவே முடியாது என்பவர்களுக்கு என் யோசனை வேறு. ட்ரினிட்டிக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள், சுற்றிப் பார்க்கக் கட்டணம் உண்டு, வழிபாட்டு நேரம் பார்த்துப் போங்கள். எதிரே இருக்கிற பொது நூலகத்தையும் ஒரு பார்வை பாருங்கள், அது ரிச்சர்ட்சனிடம் வேலை பழகிய சார்ல்ஸ் மெக்கிம் பிற்பாடு கட்டியது, குருவின் முரட்டுக் கல்லுக்கு நேர் எதிரே சிஷ்யன் வழவழப்பாக இத்தாலிய மாளிகை மாதிரி ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார். மீதி நாளை ரெட் லைன் ரயிலுக்குக் கொடுங்கள். அந்த ஒரே லைனில் ஒரு பக்கம் ஹார்வர்ட், மறுபக்கம் குவின்சி.

ஹார்வர்ட் வளாகத்துக்குள் செவர் ஹால் இருக்கிறது, 1880இல் முடிந்த வகுப்பறைக் கட்டடம். இங்கே கல் கிடையாது, முழுக்கச் செங்கல், அக்கம்பக்கத்துப் பழைய கட்டடங்களோடு ஒத்துப்போகட்டும் என்று. வார்ப்புச் செங்கல், செதுக்கின செங்கல், வளைந்த செங்கல் என்று கொத்துவேலையில் என்னென்ன செய்ய முடியுமோ அத்தனையும் செய்திருக்கிறார்கள். வாசல் வளைவின் ஒரு காலருகே சுவரோடு முகத்தை வைத்து மெதுவாகப் பேசினால் மறுகாலருகே நிற்பவருக்குத் தெளிவாகக் கேட்கும். குழந்தைகளைக் கூட்டிப்போனால் அங்கிருந்து கிளப்புவது கஷ்டம். கொஞ்ச தூரத்தில் சட்டக் கல்லூரியின் ஆஸ்டின் ஹால். மூன்று வளைவு வாசல், நின்று பார்த்துவிட்டு நகரலாம்.

குவின்சியில் தாமஸ் கிரேன் நூலகம், 1882. கல் வியாபாரத்தில் சம்பாதித்த ஒருவரின் நினைவாக அவர் குடும்பம் கட்டிக்கொடுத்தது, ஆகவே கல்லில் கஞ்சத்தனம் இல்லை. இவர் கட்டின சிறு கட்டடங்களில் இதைவிடக் கச்சிதமானது எனக்குத் தெரிந்து கிடையாது. ஒரு பக்கம் நீளமான புத்தகக் கூடம், அதற்குக் கூரையோரமாக ஒரே வரிசையில் ஜன்னல்கள்; நடுவில் தாழ்வான வளைவு வாசல்; வாசலை ஒட்டி மாடிப்படி ஏறும் சின்ன உருளைக் கோபுரம்; கூரையில் பாதி மூடின இமை மாதிரி சின்னத் திறப்புகள். இடமும் வலமும் சமமில்லை, இருந்தும் எதையும் நகர்த்திவைக்க முடியாது. உள்ளே மரவேலை, பெரிய கணப்படுப்பு, அதன் பக்கத்தில் லா ஃபார்ஜ் செய்த ஒரு சிறு கண்ணாடி ஓவியம். பின்னால் சேர்த்த கட்டடங்கள் இருக்கின்றன, அவற்றைத் தாண்டி ரிச்சர்ட்சன் பகுதிக்கு வழி கேட்டுக்கொண்டு போங்கள். காசு கிடையாது. ஒன்று சொல்ல வேண்டும்: அந்தக் கால நூலகர்கள் பலருக்கு இவருடைய நூலகங்கள் பிடிக்கவே இல்லை. சுவரோரம் உயரமான மாடக்குழிகளில் புத்தகத்தை அடுக்கினால் எடுக்க ஏறி இறங்க வேண்டும், மேல்தட்டில் சூடு, புத்தகம் பெருகினால் வைக்க இடமில்லை என்று சண்டை பிடித்தார்கள். அவர்கள் சொன்னது சரிதான். பார்க்கப் போகிற நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

கார் இருந்தால் நார்த் ஈஸ்டனும் ஒரு வாய்ப்பு. பாஸ்டனுக்குத் தெற்கே, மண்வெட்டி செய்து பணக்காரர்களான ஏம்ஸ் குடும்பத்தின் ஊர். ஒரே சின்ன ஊரில் இவருடைய ஐந்து கட்டடங்கள்: நூலகம், நினைவு மண்டபம், ரயில் நிலையம், தோட்டக்காரர் வீடு, அப்புறம் குடும்ப எஸ்டேட்டின் நுழைவாயிலில் ஒரு வாசல் விடுதி. இந்த வாசல் விடுதிதான் அங்கே போவதற்கே காரணம். ஆற்றுப்படுகையில் கிடக்கிற மாதிரி உருண்டு திரண்ட பாறைகளை உடைக்காமல் கொள்ளாமல் அப்படியே தூக்கி அடுக்கி, பாதைக்குக் குறுக்கே பெரிய வளைவு வைத்துக் கட்டியிருக்கிறார். கட்டடமா, குன்றா என்று யோசிக்க வைக்கும். ஆனால் தனியார் சொத்து, சாலையிலிருந்து பார்ப்பதோடு சரி. கட்டடக் கலை படிக்கிற பிள்ளைகளுக்கு நார்த் ஈஸ்டனைத் தயங்காமல் சொல்வேன், குடும்பத்தோடு போகிறவர்களுக்கு மாட்டேன்.

சிகாகோவுக்கு வருவோம். இங்கே இருப்பது ஒரே ஒரு வீடு, க்ளெஸ்னர் ஹவுஸ். 1885இல் வரைந்தது, அவர் இறந்த பிறகு 1887இல் முடிந்தது. விவசாய இயந்திர வியாபாரி ஜான் க்ளெஸ்னரும் மனைவி ஃபிரான்சிஸும் கட்டச் சொன்ன வீடு. க்ளெஸ்னர் குடும்பம் அப்போது குடியிருந்த வீட்டுக்கு வந்த ரிச்சர்ட்சன், அங்கே மாட்டியிருந்த இங்கிலாந்து ஆபிங்டன் மடத்தின் போட்டோவைப் பார்த்து, இதுதான் உங்கள் வீட்டுக்கு மூலசுருதி என்றாராம், பிறகு சாப்பாட்டு மேஜையில் ஒரு தாளை வாங்கித் தரைத்தளத்தின் வரைபடத்தை அங்கேயே போட்டுக்கொடுத்தாராம். க்ளெஸ்னரே எழுதிவைத்த கதை இது.

வீட்டின் சாமர்த்தியம் முழுக்க அந்த வரைபடத்தில்தான் இருக்கிறது. சிகாகோ குளிர் எப்படிப்பட்டது என்று அங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வடக்குப் பக்கம் 18ஆவது தெரு. அந்தப் பக்கம் முழுக்க ஏறக்குறைய கோட்டை மதில், ஒடுக்கமான ஜன்னல்கள், அந்த மதிலை ஒட்டி உட்புறம் வேலைக்காரர்கள் நடக்கிற நீண்ட வழி. அந்த வழி குளிருக்கும் தெருச் சத்தத்துக்கும் ஒரு தடுப்பு. குடும்பம் புழங்குகிற அறைகள் எல்லாம் அதற்கு இந்தப் பக்கம், தெற்கே முற்றத்தைப் பார்த்தபடி, வெயிலை வாங்கிக்கொண்டு இருக்கும். முற்றம் வைத்த வீட்டில் வளர்ந்த நம் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிப்போனால் விளக்கமே தேவைப்படாது. அக்கம்பக்கத்துப் பணக்காரர்களுக்குத்தான் புரியவில்லை. எதிர்வீட்டில் இருந்த ரயில்பெட்டி முதலாளி ஜார்ஜ் புல்மன், வாசலுக்கு வரும்போதெல்லாம் இது மூஞ்சியில் முழிக்கிற அளவுக்கு நான் என்ன பாவம் செய்தேன் என்கிற ரீதியில் புலம்பியதாகச் சொல்வார்கள். புல்மன் மாளிகை போய் எவ்வளவோ காலமாகிவிட்டது, இது நிற்கிறது. அதுவும் 1966இல் இடிக்கிற நிலைமைக்கு வந்து, கட்டடக் கலைஞர்களும் ஆர்வலர்களும் 35,000 டாலர் திரட்டி வாங்கியதால் தப்பியது.

இங்கே உள்ள பெரிய வசதி, வழிகாட்டியோடு வீடு முழுக்க உள்ளே போய்ப் பார்க்கலாம். குடும்பத்தின் பழைய மேஜை நாற்காலிகள், மாரிஸ் சுவர்த்தாள், புத்தகங்கள் பலவும் திரும்பி வந்திருக்கின்றன. இந்த வீட்டில் வளர்ந்த மகள் ஃபிரான்சிஸ் க்ளெஸ்னர் லீ, பிற்காலத்தில் கொலை நடந்த அறைகளைப் பொம்மை வீடு அளவில் நுணுக்கமாகச் செய்து போலீஸ்காரர்களுக்குத் துப்பறியக் கற்றுக்கொடுத்தவர். கட்டடம் பார்க்க இழுத்து வரப்பட்டுச் சலித்துப்போன வீட்டுக்காரர்களிடம் இந்தக் கதையை எடுத்துவிடுங்கள், நிமிர்ந்து உட்காருவார்கள்.

சிகாகோவில் குறை ஒன்றுதான், அதுவும் சிகாகோவின் குறை என்று சொல்ல முடியாது, போனதுக்குப் புலம்புவது: அங்கே இருந்த மார்ஷல் ஃபீல்டு கடையின் மொத்தவிற்பனைக் கட்டடம் இப்போது இல்லை. ஒரு தெருமனை முழுக்க நின்ற ஏழு மாடிக் கல் கட்டடம், மேலே போகப்போகச் சுருங்குகிற வளைவு வரிசைகள், அலங்காரம் என்று கிட்டத்தட்ட ஒன்றும் கிடையாது. சிகாகோ கட்டடக் கலைஞர் லூயி சல்லிவன் இதைப் பார்த்துத்தான் தன் ஆடிட்டோரியம் கட்டடத்தின் வெளிப்புறத்தை மாற்றினார். 1930இல் இடித்துவிட்டார்கள். வாகனம் நிறுத்தும் இடமாக ஆனது.

சாகக் கிடந்தபோது ரிச்சர்ட்சன் ஆசைப்பட்டது, இன்னும் இரண்டு ஆண்டு இருந்து பிட்ஸ்பர்க் கோர்ட்டும் சிகாகோ கடையும் முடிவதைப் பார்க்க வேண்டும் என்று. ட்ரினிட்டியைக் கட்டிப் பேர் வாங்கி, நாடே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய ஆள், தன்னை எதை வைத்து எடைபோட வேண்டும் என்று நினைத்தார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அந்த இரண்டில் இன்று மிச்சமிருப்பது பிட்ஸ்பர்க் மட்டும். அதனால்தான் என் ஓட்டு அதற்கு.

அலெகனி கவுன்டி கோர்ட்டும் சிறையும். பழைய கோர்ட் 1882இல் எரிந்துபோனது. அழைப்பின் பேரில் நடந்த போட்டியில் 1884இல் ரிச்சர்ட்சனுக்கு வேலை கிடைத்தது. சிறை 1886இல் முடிந்தது, கோர்ட் 1888இல். கட்டியவர்கள் ட்ரினிட்டியைக் கட்டிய அதே நார்கிராஸ் சகோதரர்கள். கல்லையும் கல்தச்சரையும் கையாளத் தெரிந்த அந்தக் காண்ட்ராக்டர்கள் இல்லாமல் ரிச்சர்ட்சனுடைய வரைபடங்கள் பலவும் தாளோடு நின்றிருக்கும்.

கிராண்ட் தெருவில் நின்று பார்த்தால் உயர்ந்த கோபுரம், கம்பீரம்தான், ஆனால் அங்கே நின்றுவிடாதீர்கள். அந்தக் கோபுரமே வெறும் அழகுக்கு இல்லை. அன்றைய பிட்ஸ்பர்க் பட்டப்பகலில் விளக்கு ஏற்றுகிற புகைமூட்ட ஊர், எஃகு ஆலைகள், நிலக்கரி. சன்னலைத் திறந்தால் மேஜையில் கரி படியும். ஆகவே கோபுரத்தின் உச்சியிலிருந்து சுமாரான காற்றை உள்ளே இழுத்துக் கட்டடத்துக்குள் அனுப்புகிற ஏற்பாட்டோடு கட்டினார். அதேபோல் நடுவில் திறந்த முற்றம். நான்கு பக்கமும் ஒற்றை வரிசையாக அறைகள், எந்தக் கோர்ட் அறைக்கும் வெளிச்சம் உண்டு. முற்றத்துக்குள் போய் நில்லுங்கள். தெருவைப் பார்க்கிற முகத்தில் கொஞ்சமாவது இருக்கிற அலங்காரம் இங்கே வந்ததும் காணாமல் போகிறது, வெறும் வளைவு, அதன் மேல் வளைவு, முரட்டுக் கல். மத்தியான இடைவேளையில் வக்கீல்களும் கேஸுக்கு வந்தவர்களும் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். உள்ளே பெரிய மாடிப்படி இருக்கிறது, வளைவுகள் ஒன்றுக்குள் ஒன்று தெரிகிற மாதிரி அடுக்கு அடுக்காக ஏறும். ஓவியம் இல்லை, வண்ணக் கண்ணாடி இல்லை, கல்லும் வெளிச்சமும் மட்டும் வைத்துக்கொண்டு செய்தது. ட்ரினிட்டியைப் பார்த்துவிட்டு நேராக இங்கே வந்தால் அதே ஆள்தானா என்று சந்தேகம் வரும்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன், முதல் தடவை போகிறவர்கள் குழம்புவது இங்கேதான். 1910களில் நகரத்தின் மேட்டை வெட்டித் தெருமட்டத்தை இறக்கினார்கள். இதனால் ரிச்சர்ட்சன் வைத்த வாசல் ஒரு மாடி உயரத்துக்கு மேலே போய்விட்டது. கொஞ்ச காலம் படிக்கட்டு வைத்துப் பார்த்தார்கள், பிறகு தெருவை அகலப்படுத்த அதையும் எடுத்துவிட்டார்கள். இன்றைக்கு நாம் நுழைவது அடித்தளமாக இருந்த இடத்தின் வழியாக. தாழ்ந்த கூரை, மங்கல் வெளிச்சம், பாதுகாப்புச் சோதனை. ஏமாந்துவிடாமல் மாடிப்படியைத் தேடி ஏறுங்கள்.

அப்புறம் சிறை. கோர்ட்டின் பின்பக்கம், தெருவுக்கு மேலே ஒரு மூடின கல் பாலம் இரண்டையும் இணைக்கிறது. தீர்ப்பு ஆனதும் கைதியைத் தெருவில் இறக்காமல் கூட்டிப்போக. வெனிஸில் இருக்கிற பெருமூச்சுப் பாலத்தின் பெயரையே இதற்கும் வைத்துவிட்டார்கள். பாலத்துக்குக் கீழே நடந்து சிறை மதிலை ஒட்டிக் கொஞ்ச தூரம் போங்கள். கல்லைக் கிட்டப் போய்ப் பாருங்கள். முகம் கொத்திச் சமப்படுத்தவில்லை, உடைத்த வாக்கிலேயே புடைத்துக்கொண்டு நிற்கிறது. ஆனால் ஓரங்கள் ஒன்றோடொன்று நெருங்கி உட்காருகின்றன, சந்துக் கோடு மெல்லிசு. சில கற்கள் ஒரு ஆள் படுக்கிற நீளம். மதிலில் இருக்கிற வளைவு வாசலைச் சுற்றிப் பூ இல்லை, கொடி இல்லை, சிங்கமுகம் இல்லை, நடுவிலிருந்து விசிறியாகப் பிரிகிற நீளநீளமான கற்கள் மட்டும். ஒரு சிறைக்கு என்ன சொல்ல வேண்டுமோ அதை அந்தச் சுவர் சொல்லிவிடுகிறது, ஒரு சிற்பத்தின் தயவும் இல்லாமல். இவருடைய வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த துண்டு எது என்று கேட்டால் இந்த மதிலைத்தான் காட்டுவேன்.

இவ்வளவு கனமான மதிலும் ஒரு காதலைத் தடுக்கவில்லை என்பது வேறு கதை. 1902 ஜனவரியில் சிறை அதிகாரியின் மனைவி கேட் சோஃபல், மரண தண்டனைக்குக் காத்திருந்த பிடில் சகோதரர்கள் தப்பிக்க உதவி, தானும் அவர்களோடு ஓடிப்போனார். துரத்திப் பிடித்தார்கள், அண்ணன் தம்பி இருவரும் குண்டடி பட்டு இறந்தார்கள். 1995 வரை இது சிறையாகவே இருந்தது. பிறகு உள்ளே மாற்றிக் குடும்ப நீதிமன்றத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். சிறையறைகள் கொஞ்சத்தை அப்படியே வைத்திருக்கிறார்கள், ஆனால் பார்க்க விடுகிற நேரம் மிகக் குறைவு, விசாரித்துவிட்டுப் போங்கள். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, மதில் வெளியில்தான் இருக்கிறது.

ஆல்பனியையும் பஃபலோவையும் நான் போட்டியில் சேர்க்கவில்லை. ஆல்பனியில் மாநிலச் சட்டசபைக் கட்டடம் பலர் கைபட்டது, ரிச்சர்ட்சன் பங்கு எது என்று பிரித்துப் பார்க்கவே அரைநாள் ஆகும். நகரசபைக் கட்டடம் நன்றாக இருக்கும், அதற்காக மட்டும் அவ்வளவு தூரம் போக மாட்டேன். பஃபலோ மனநோய் மருத்துவமனை 1870இல் கிடைத்த ஆரம்பகால வேலை. நயாகரா போகிற வழியில் இருப்பதால் இரட்டைக் கோபுரத்தை வெளியிலிருந்து பார்த்துவிட்டுப் போகலாம்.

இனி பயணக் கணக்கு. கிழக்குக் கரையில், ஓஹையோவில் இருக்கிற நம்மவர்களுக்குப் பிட்ஸ்பர்க் புதிய ஊர் இல்லை. பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரா கோவிலுக்குக் காரை எடுத்துக்கொண்டு போய்வராத குடும்பம் குறைவு. ஆனால் கோவிலைப் பார்த்து, புளியோதரையை வாங்கிக்கொண்டு நேரே நெடுஞ்சாலை ஏறிவிடுகிறார்கள். அங்கிருந்து நகரத்தின் நடுவுக்கு அரைமணி நேரக் கார் தூரம்தான். சிக்கல் என்னவென்றால் கோவிலுக்குப் போவது சனி ஞாயிறு, கோர்ட் திறப்பது வேலைநாளில். சனிக்கிழமை போனால் வெளிச்சுவரும் பாலமும் சிறை மதிலும் கிடைக்கும், மாடிப்படி கிடைக்காது. அதனால் வெள்ளிக்கிழமை லீவு போட்டு மத்தியானத்துக்குள் ஊர் போய்ச் சேருங்கள், முதலில் கோர்ட், இருட்டுவதற்கு முன் மதில், சனிக்கிழமை காலை பெருமாள். வேலைநாளில் லீவே கிடைக்காது என்பவர்கள் சிகாகோ க்ளெஸ்னர் வீட்டுக்குப் போகலாம், வார இறுதியிலும் பெரும்பாலும் திறந்திருக்கும், முன்பதிவு செய்துகொள்ளுங்கள், குளிர்காலத்தில் போனால் அந்த வடக்குச் சுவர் எதற்கு என்று கேட்கவே தோன்றாது.